வெளியே நின்றவர்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து பீடத்தருகே போவார்கள். முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு சுவரோரமாகத் திரும்பி வருவார்கள். எல்லாரும் வாங்கி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் நான் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன். இருபத்தாறு வருஷமாக எனக்கு அப்பம் கிடையாது.

அந்த நேரத்தில் கோயிலுக்குள் பேச்சு இருக்காது. கீபோர்டுகூட நின்றுவிடும். வெளியே கன்டெய்னர் லாரிகள் போவதும், முழங்காலிடும் வயதானவர்களின் மூட்டு சொடுக்குவதும் மட்டும் கேட்கும். மற்றவர்களுக்கு அந்த மௌனத்தில் ஒரு வேலை இருந்தது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான். அதை நான் நன்றாகக் கேட்டிருக்கிறேன்.

1999-ல் எனக்கு இருபத்தைந்து வயது. காலடிப்பேட்டையில் என் தகப்பனாருக்கு மளிகை மொத்தக்கடை. சாத்தான்குளத்திலிருந்து வந்து கடை போட்ட முதல் வருஷமே கோயில் தரைக்குக் கல் வாங்கிக் கொடுத்தவர் அவர். அப்போது எங்கள் வாலிபர் சங்கம் எண்ணூர்க் குப்பத்தில் பிள்ளைகளுக்கு மாலைப்பள்ளி நடத்தியது. நான் அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். பிள்ளைகளுக்கு நடுவில் ஒருநாள் வளர்ந்த ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தண்டபாணி, ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்.

"பேப்பர் படிக்கணும் டீச்சர். டீசல் வெல ஏறிச்சா எறங்கிச்சான்னு எவனையாச்சும் கேட்டுகினே கீறேன். பேஜாரா கீது" என்றார்.

எட்டு மாதத்தில் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒன்பதாவது மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டே வரி. அது என்னவென்று என் மகளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. குப்பத்து அம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே சபைக் கமிட்டி கூடி, விலக்கப் பதிவேட்டில் என் பெயரை எழுதியது. விலக்கம் என்றால் கோயிலுக்கு வரலாம், பாடலாம், பிரசங்கம் கேட்கலாம். திருவிருந்து மட்டும் கிடையாது. அது நீங்க வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்று, 'தகாத விவாகம் செய்தேன், அதற்காக வருந்துகிறேன்' என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து வந்து, சொல்லி, அழுது, அப்பம் வாங்கிக்கொண்டு, அதே கணவனோடு அதே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

என்னால் முடியவில்லை. அந்த மனிதரை ஒரு தவறு என்று நான் எப்படிச் சொல்ல? கடலிலிருந்து வந்த களைப்போடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்பவர். நான் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துவிட்டால், "டீச்சரம்மா உள்ள பூட்டாங்க, யாரும் கூப்டாதீங்க" என்று மகளையும் தெருப் பிள்ளைகளையும் வெளியே அழைத்துப் போகிறவர். முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படகெல்லாம் கறுத்துப்போன வருஷம், மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபோதும் குரலை உயர்த்தாதவர். அந்த ஒரு வரியைச் சொல்ல மாட்டேன் என்று நான் கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வீம்பு எனக்கு நகை போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

ஆனால் ஆசை இல்லாமல் இல்லை. அப்பம் பெரிய ருசியொன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். உப்பில்லாத மெல்லிய வட்டம். அதற்காக ஒருத்தி எத்தனை வருஷம் ஏங்க முடியும் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் என்னை எக்ஸெல் வண்டியில் கூட்டிக்கொண்டு வருவார். கேட்டில் இறக்கிவிட்டு, எதிரில் மஹீனின் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். பேப்பரை எழுத்து எழுத்தாக, கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். ஆராதனை முடிந்து நான் வரும்வரை இரண்டு மணி நேரம். மழையென்றால் கடைத் தார்ப்பாயின் அடியில் நிற்பார். கேட்டைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைத்ததில்லை.

இந்த வருஷம் கோயிலுக்கு நூறாவது வருஷம். நவம்பரில் பேராயர் வருவதாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பெஞ்சுகளுக்கு வார்னிஷ் போட்டார்கள். ஆராதனை தெருவுக்கே கேட்கட்டும் என்று கேட்டின் மேல் ஒரு கூம்பு ஒலிபெருக்கி கட்டினார்கள். என் அண்ணன் தவசிமுத்துதான் கமிட்டிச் செயலாளர். செப்டம்பரில் ஒருநாள் ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தினார். எங்களுக்குள் பண்டிகை வாழ்த்தோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் அவர் கூப்பிட்டதே எனக்குப் புதிதாக இருந்தது.

"ஏட்டி, எல்லா வேலையும் முடிஞ்சிட்டு. பதிவேட்டுல உன் பேரு ஒண்ணுதான் கறையாக் கெடக்கு."

"கறையா?"

"வாய்தவறி வந்திட்டு. வேற என்னத்தச் சொல்ல? மத்தவன் எல்லாம் சொல்லிட்டான், இல்ல செத்துப்போனான். நீ ஒருத்திதான் பாக்கி. ஒரு வரிதான ஜெயக்கொடி. நான் எழுதிக்கூடத் தாறேன்."

"இருபத்தாறு வருசமாச் சொல்லாதத இப்பச் சொல்லுவேனாண்ணே?"

"அப்ப அப்பா இருந்தாவ. அவிய முன்னால குனியக் கூடாதுன்னு நின்ன. சரி. இப்ப யாரு முன்னால நிக்க நீ?"

அண்ணனுக்கு இவ்வளவு கூர்மையாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்கு நடந்தேன். எதிரில் அவர் பேப்பரை மடித்து மஹீனிடம் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் போதகர் மேத்யூ பிரசங்கம் செய்தார். ஜூன் மாதம்தான் எங்கள் சபைக்கு மாற்றலாகி வந்தவர். சின்ன வயது. குரல் எடுப்பில்லாதவர். அதனால் மக்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருக்கும். சபை கிறிஸ்துவின் மணவாட்டி என்று ஆரம்பித்தார். எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் அவர் அன்றைக்கு வேறு மாதிரி போனார்.

"மணவாட்டி அழகா இருந்தா, அதனால அவர் நேசிச்சார்னு நாம நினைச்சிக்கிறோம். அப்படி இல்லை. அவர் நேசிச்சார், அதனால அவ அழகானா. அவர் பார்த்தபோது அவ மேல அழுக்கு இருந்தது. அவர் முகம் சுளிக்கலை. அவளோட அழுக்கைத் தன்னோடதுன்னு எடுத்துக்கிட்டு, அவளுக்குப் பதிலா வெளியே போய் நின்னார். ஊருக்கு வெளியே. நாம சுவருக்கு வெள்ளையடிச்சிருக்கோம். நல்லா இருக்கு. ஆனா அவர் மேல வெள்ளையடிக்கிறவர் இல்லை. கழுவுறவர்."

கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் பெஞ்சில் அசைந்து உட்கார்ந்தார்கள். நான் அசையவில்லை. 'வெளியே போய் நின்றார்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். வீடு வரும்வரை வண்டியில் என் புருஷன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் போதகர் குப்பத்துக்கே வந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப்போட்டு, கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் மகள் ஜோதிகா, ராயபுரத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார், வாங்க" என்று எழுந்தவர், கை கொடுக்கலாமா என்று தன் கையைப் பார்த்தார். போதகர் அதே கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் சட்டைக் கையின் ஓரத்தில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"பூட்ச்சு, ஒங்க சட்ட. ஜோதி, கிரீஸு எதுல போவும்?"

"மண்ணெண்ணெய்ல நைனா. ஆனா அப்பால சட்ட போடமுடியாது."

போதகர் சிரித்தார். கொஞ்ச நேரம் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள். பிறகு என்னைப் பார்த்து, "அக்டோபர் முதல் ஞாயிறு உங்களுக்குச் சரின்னா விலக்கத்தை எடுத்துடலாம். கட்டாயம் இல்லைம்மா. உங்க மனசு" என்றார். இவரிடம் திரும்பி, "நீங்களும் வரணும். அன்னைக்கு அம்மா பக்கத்துல நீங்க இருந்தா நல்லது" என்றார்.

"எங்க சார்?"

"கோயிலுக்கு."

"கேட்டாண்ட வருவேன் சார். வாராவாரம் வர்றேனே. அத்தத் தாண்டி நான் வரக்கூடாதே."

"ஏன்?"

"ரூல்ஸு கீதுல்ல. கிறிஸ்டீன் இல்லாதவங்க உள்ள வரக்கூடாதுன்னு. ஒங்களுக்குத் தெரியாததா? இன்னா சார், டெஸ்ட் வெக்கிறீங்களா?" என்று சிரித்தார். "எங்க அம்மன் கோயில்லயும் கர்ப்பக்கிரகத்தாண்ட யாரும் பூடமுடியாது. அவுங்கவுங்க சாமிக்கு அவுங்கவுங்க ரூல்ஸு. நான் தப்பா எட்துக்க மாட்டேன்."

போதகர் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோதிகா டீ டம்ளரை நீட்டியபடியே நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கோயிலுக்குள் எத்தனையோ கல்யாணங்களுக்கு இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள். அப்பா வராததை, அப்பாவுக்கு விருப்பமில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

போதகர் டீயைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது சந்து முனைவரை நான் கூடப் போனேன்.  ஆட்டோ வந்த பிறகு, "அந்த ரூல் எங்க சபையில எந்தக் காலத்திலயும் இருந்ததில்லைம்மா" என்று மட்டும் சொன்னார்.

எனக்குத் தெரியும். அந்த விதியை உண்டாக்கியவள் நான்.

கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை. அவர் காலையிலேயே எழுந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தார். மஞ்சள் கறை போகாத கல்யாண வேட்டியையும், இருந்த ஒரே வெள்ளைச் சட்டையையும் போட்டுக்கொண்டார். "ஒங்க சாமியாண்ட ஒரு கும்புடு போட்டுடலாம்" என்றார். பஸ்ஸில் இறங்கிக் கேட்டுக்கு நடந்து வந்தோம். கோயில் படிக்கட்டில் என் தகப்பனார் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் எங்களை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நான் அவர் கண்ணால் என் புருஷனைப் பார்த்துவிட்டேன். உப்புத் தண்ணீரில் செம்பட்டையான முடி. வெடித்த குதிகால். வேட்டியில் மஞ்சள் கறை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நீங்க உள்ள வரக்கூடாதுங்க. கிறிஸ்தவங்க அல்லாதவங்களுக்கு அனுமதி இல்ல. அது ரூல்" என்றேன்.

"அப்டியா" என்று சொல்லி, கேட்டுக் கோட்டில் வைத்திருந்த காலை எடுத்து, தவறு செய்துவிட்டவர்போல இரண்டு அடி பின்னால் போனார். "முன்னயே சொல்லக்கூடாதா? நல்லவேள, கால வெக்கல."

அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தது. சொன்னது பொய் என்று ஒரு வாரம் தாண்டிச் சொல்லிவிடலாம். ஒரு வருஷம் தாண்டிச் சொல்வது கஷ்டம். ஐந்து வருஷம் ஆனபிறகு அது வீட்டுச் சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. அதில் சாய்ந்துகொண்டுதான் வாழ்கிறோம். உள்ளே கடைசி பெஞ்சில், அவரை ஒரு தவறு என்று சொல்ல மாட்டேன் என்று நான் பெருமையோடு உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும், வெளியே அவர் என் பொய்யைக் காவல் காத்துக்கொண்டு நின்றார்.

போதகர் வந்துபோன அன்று சாயங்காலம், எஞ்சினைப் பூட்டிக்கொண்டே இவர் கேட்டார். "இன்னா சொல்லச் சொல்றாங்க ஒன்ன?"

சொன்னேன்.

"இவ்ளோதானா?" ஸ்பானரைக் கீழே வைத்தார். "தப்பான கல்யாணம் பண்ணிகினேன்னு ஒரு வார்த்த. சொல்ட்டு வந்து சோறு துன்னு. இதுக்கா இத்தினி வருசம் பட்டினி கெடந்த?"

"உங்களத் தப்புன்னு சொல்லணும்."

"சொல்லு. நான் இன்னா தேஞ்சா பூடுவேன்? ஒனக்கு அந்த ரொட்டி வோணும். அது எனக்குத் தெரியும். மாசா மாசம் மொத ஞாயித்துக்கெழம வெளிய வர்றப்ப ஒம் மூஞ்சியப் பாத்துகினுதான் கீறேன். எம்மேல பழியப் போட்டா அது கெடைக்கும்னா போட்டுடு ஜெயா. நான்தான் வெளிய கீறேனே, காதுல விழப்போவுதா?"

நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. இருந்தாலும் அடுப்புக்கு முன்னால் நின்றேன். தன் மேல் ஒரு குற்றமும் இல்லாத ஒருவர், எனக்கு அப்பம் கிடைக்கட்டும் என்று என் குற்றமாக நிற்கச் சம்மதிக்கிறார். சின்ன வயதிலிருந்து நான் பாடிய ஒவ்வொரு பாட்டும் இதைத்தான் சொன்னது. வெளியே போய் நின்றார் என்று போதகர் சொன்னதும் இதுதான். பாட்டில் இருந்த கிறிஸ்துவை நான் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தேன். அவர் எப்படி நேசிப்பார் என்பதற்கு ஒரு சாட்சி வாராவாரம் என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே நின்றதைத்தான் கவனிக்கவில்லை.

அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஜோதிகா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, "நீயே சொல்லும்மா, நான் சொன்னா அசிங்கமாயிடும்" என்றாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு காலை, விம்கோ நகர் சிக்னலில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி நின்றபோது, "என்னங்க" என்று ஆரம்பித்தேன். "இன்னா?" என்று தலையைத் திருப்பினார். சிக்னல் விழுந்தது. எல்லா லாரியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது. "ஒண்ணுமில்ல" என்றேன்.

கேட்டில் அண்ணன் ஒரு தாளைக் கொடுத்தார். நீலப் பேனாவில் ஒரே வரி. "சத்தமா வாசிச்சிடு. மைக்குல" என்றார். அவர் கண்ணில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

பிரசங்கம் முடிந்து, திருவிருந்துக்கு முன்னால் போதகர் என் பெயரைச் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து மைக்கு வரைக்கும் நடந்தேன். என் தகப்பனார் வாங்கிக் கொடுத்த கல் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தாளைப் பிரித்தேன். அதை வாசித்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். வாயிலிருந்து வேறு வந்தது.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். எங்கிட்ட ஒரு வரி எழுதிக் குடுத்திருக்காங்க. இதை என்னால வாசிக்க முடியல. நான் பண்ணுன கல்யாணத்துல தப்பு இல்ல. எனக்குக் கெடச்ச மனுஷனை நெனச்சி நான் பெருமைப்படுறேன். ஆனா நான் பாவம் பண்ணியிருக்கேன். கல்யாணமான மொத வாரம் அவர் இந்தக் கோயிலுக்குள்ள வர ஆசைப்பட்டார். எங்க அப்பா முன்னால எனக்கு வெக்கமா இருந்தது. கிறிஸ்தவங்க இல்லாதவங்க உள்ள வரக்கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். அவர் நம்பினார். இன்னைக்கு வரைக்கும் நம்புறார். இருபத்தாறு வருசமா கேட்டுக்கு வெளிய நிக்கிறார். நான் உள்ள உக்காந்து, எனக்கு அப்பம் குடுக்கலன்னு உங்க மேல வருத்தப்பட்டேன். இதுதான் என் பாவம். வேற எதுக்காகவும் நான் வருந்தல."

 அப்போதுதான் எனக்கு வெளியிலிருந்து என் குரலின் கடைசி வார்த்தை திரும்பி வருவது கேட்டது. கேட்டின் மேல் கட்டியிருந்த ஒலிபெருக்கி. தெருவுக்கே கேட்டிருக்கும்.

அண்ணன் எழுந்தார். "ஐயா, கமிட்டி எழுதிக் கொடுத்தது இது இல்ல. பதிவேட்டுல இருக்கதும் இது இல்ல. இத வச்சி எப்பிடி விலக்கத்த எடுக்க?"

போதகர் உடனே பேசவில்லை. அந்த மௌனத்தை நான் நன்றாக அறிவேன். ஆனால் இந்தத் தடவை அதில் எல்லாரும் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒருத்தரோட பாவத்தை இன்னொருத்தர் எழுதிக் கொடுக்க முடியாது. அவங்க தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டாங்க. என் ஊழியத்துல இவ்வளவு உண்மையான அறிக்கையை நான் கேட்டதில்லை" என்றார். பிறகு என்னிடம், "ஆனா இது முதல்ல எங்ககிட்ட சொல்ல வேண்டியது இல்லையேம்மா. போயி அவர்கிட்ட பேசிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம். எவ்வளவு நேரமானாலும் சரி."

பீடத்தில் அப்பத்தின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுக்காமலே அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருநூறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வெளியே போனேன். டீக்கடையில் மஹீன் பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இவர் வண்டிக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்து நின்றிருந்தார். நான் பக்கத்தில் போயும் திரும்பவில்லை. நான்கு லாரிகள் போயின. எண்ணினேன். எனக்கு வேறு செய்யத் தெரியவில்லை.

"ஜோதி பொறந்தப்ப ஞானஸ்நானம் குட்தாங்களே" என்றார். "அன்னிக்கும் நான் இங்கதான் நின்னுகினு இருந்தேன். கொழந்த கத்துறது ரோட்டாண்ட கேட்டுச்சு. இன்னா பண்றாங்களோ, தண்ணி மூக்குல பூந்துடுச்சோன்னு... ஓடி வந்து இந்தக் கேட்டப் பிட்ச்சிகினு நின்னேன். உள்ள வரல. ரூல்ஸுன்னு."

  மன்னிப்புக் கேட்டால் அந்த நாளின் விலை குறைந்துவிடும்போல இருந்தது. அவர் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். கிளம்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நியாயம்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. உள்ளே இருமல் சத்தம் ஒன்று ஒலிபெருக்கியில் கேட்டது. அவர் அண்ணாந்து அதைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு எல்லாம் கம்முனு கீறாங்க?"

"நமக்காகக் காத்திருக்காங்க."

"எனக்காகவுமா?"

"உங்களுக்காகத்தான்."

மூக்கை உறிஞ்சினார். "வேற இன்னா ரூல்ஸு வுட்ட எங்கிட்ட?"

"வேற ஒண்ணும் இல்ல."

"ஈஸ்டருக்கு முன்னால லெந்து நாள்ல வெள்ளிக்கெழம கறி ஆக்கக்கூடாதுன்னியே, அது?"

"அது நெஜம்."

"நல்லா யோசிச்சி சொல்லு."

"சத்தியமா நெஜங்க."

"அது மட்டும் நெஜமாப் பூட்ச்சு பாரு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மஹீனைப் பார்த்து, "பாய், வண்டியப் பாத்துக்க" என்றார். செருப்பைக் கேட்டில் கழற்றிவிட்டார். என்னைப் பார்க்காமலே, எனக்கு முன்னால் உள்ளே நடந்தார். கோபம் இன்னும் அவர் முதுகில் இருந்தது. நான் அந்த முதுகின் பின்னால் போனேன்.

படியேறி வாசலில் வந்ததும் அவர் நின்றார். இருநூறு முகங்கள் திரும்பியிருந்தன. என் கண்ணுக்கு அவர் எப்படித் தெரிந்தார் என்று நான் சொல்ல வேண்டும். நரைத்த செம்பட்டை முடி. வெயிலில் கறுத்த கழுத்து. அரைக்கைச் சட்டைக்குக் கீழே, கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கைகள். அந்தக் கோயிலில் அவ்வளவு அழகான மனிதர் யாரும் இல்லை. இந்தத் தடவை அவரை நான் யாருடைய கண்ணாலும் பார்க்கவில்லை.

போதகர் எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் கடைசியாக எழுந்தார். ஆனால் எழுந்தார்.

"ஜெயக்கொடியின் விலக்கம் இன்றோடு நீங்கிற்று" என்றார் போதகர். அவ்வளவுதான் சொன்னார். பீடத்தின் துணியை எடுத்து மடித்தார்.

முதல் வரிசைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நடு வழியில் நடக்கும்போது இவர் குனிந்து என் காதில் கேட்டார்.

"எனக்கும் ரொட்டி தருவாங்களா?"

"இல்லங்க. அதுக்கு ஞானஸ்நானம் எடுத்திருக்கணும்." உடனே எனக்குப் பயம் வந்தது. "இது நெஜமான ரூல்."

"தெரியும், தெரியும். பயப்படாத" என்றார். அவர் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது.

பீடத்தின் முன்னால் நான் முழங்காலிட்டேன். அவர் பக்கத்தில் நின்றார்.

"நீங்க நின்னாப் போதும்" என்றேன்.

"நீ மண்டி போட்டுகினு, நான் மரமாட்டம் நின்னா நல்லாவா கீது?" என்று வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவரும் முழங்காலிட்டார். படகில் அமர்ந்து பழகிய கால். சொடுக்குச் சத்தம்கூட வரவில்லை.

போதகர் என் கையில் அப்பத்தை வைத்தார். கிண்ணத்தை என் உதட்டில் வைத்தார். பிறகு இவர் தலையில் இரண்டு கையையும் வைத்து, சத்தமில்லாமல் நெடுநேரம் ஜெபித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படவில்லை. நான் நினைத்திருந்ததுபோல அப்பத்துக்கு ருசி ஒன்றும் இல்லை. நாக்கில் வைத்ததும் கரைந்துபோனது. ஆனால் அதைத் தந்தவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில், கண்ணை இறுக்க மூடி, மார்பை நிமிர்த்தி முழங்காலிட்டிருந்தவரின் தோள் என் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.